கல்லும் எலும்பும்: உடலின் சுண்ணாம்புக் கணக்கு

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து என்று தமிழில் வழங்குவது இதுவே. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் மற்றத் திசுக்களிலும் பரவியிருக்கிறது. அளவில் சிறிய அந்த ஒரு பங்கை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது, காயத்தில் இரத்தம் உறைகிறது. ஆகவே இரத்தத்தின் கால்சியம் குறைய உடல் ஒருபோதும் இடம் கொடுப்பதில்லை. குறையும் போலத் தெரிந்தால் எலும்பைக் கரைத்தாவது அதை நிரப்பிவிடும். எலும்பு சேமிப்புக் கிடங்கு, இரத்தம் அன்றாடச் செலவுப் பை, சிறுநீரகம் கணக்குப்பிள்ளை. இந்த மூன்றுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் தவறும்போது ஒரு பக்கம் சிறுநீரகத்தில் கல் விழுகிறது, மறுபக்கம் எலும்பு நலிகிறது. இரண்டையும் வெவ்வேறு நோயாகவே பார்த்துப் பழகிய மருத்துவத்துக்கு, அவை ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று உணர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அன்றாட வரவு செலவு

ஒருவர் ஒரு நாளில் 1,000 மில்லிகிராம் கால்சியம் உண்டால் குடல் ஈர்த்துக்கொள்வது ஏறத்தாழ 300 மில்லிகிராம். செரிமான நீர்களின் வழியே அதில் ஒரு பகுதி மீண்டும் குடலில் கொட்டப்படுகிறது. நிகர வரவு 150 முதல் 200 மில்லிகிராம் வரை. நலமாக இருக்கும் வளர்ந்தவர் சிறுநீரில் கழிப்பதும் ஏறத்தாழ அதே அளவு. வரவும் செலவும் இப்படிச் சமன்படுகின்றன.

இந்தச் சமநிலைக்குப் பின்னே சிறுநீரகத்தின் பெரும் உழைப்பு இருக்கிறது. ஒரு நாளில் அது வடிகட்டும் கால்சியம் சுமார் 10 கிராம். இரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதோ ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தச் சிறு இருப்பு நாளெல்லாம் திரும்பத் திரும்ப வடிகட்டப்படுகிறது. வடிந்த 10 கிராமில் நூற்றுக்கு 98 பங்கை நுண்குழல்கள் மறுபடி உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. அந்த உறிஞ்சுதல் 98 பங்கிலிருந்து 96 பங்காகக் குறைந்தால் சிறுநீரில் போகும் கால்சியம் இரு மடங்காகும். கல் உண்டாவதற்கு அந்தச் சிறு பிசகே போதும்.

தவளை இதயம் சொன்ன சேதி

கால்சியம் எலும்புக்கான காரை மட்டும் என்று கருதப்பட்ட காலத்தில், அதன் உயிர்ப்பணியை வெளிப்படுத்தியவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய சிட்னி ரிங்கர். வெளியே எடுத்த தவளை இதயம் எந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் துடிக்கும் என்று அவர் ஆராய்ந்தார். 1882இல், காய்ச்சி வடித்த நீரில் சாதாரண உப்பைக் கரைத்தாலே போதும் என்று எழுதினார். பிறகு ஓர் உண்மை தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீர் என்று அவர் நம்பியது லண்டன் குழாய்த் தண்ணீர். அதில் இயல்பாகவே சுண்ணாம்பு கலந்திருந்தது. உண்மையிலேயே காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தபோது இதயம் விரைவில் ஓய்ந்துவிட்டது. சிறிது கால்சியம் சேர்த்ததும் மீண்டும் துடித்தது. 1883இல் ரிங்கர் தம் பிழையைத் தாமே திருத்தி வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் சிரை வழி ஏற்றும் ரிங்கர் கரைசல் அந்தத் திருத்தத்தின் நினைவாக அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கழுத்திலுள்ள நான்கு சுரப்பிகள்

இரத்தக் கால்சியத்தைக் காவல் காப்பவை கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியை ஒத்த அளவு. மனித உடலில் இவற்றை 1880இல் முறையாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலா நகரில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். இவற்றை அகற்றினால் தசைகள் இழுத்துக்கொண்டு துடிக்கின்றன என்பதும், கால்சியம் கொடுத்தால் அந்த இழுப்பு நிற்கிறது என்பதும் 1909இல் அமெரிக்காவில் மக்கல்லம், வோக்ட்லின் இருவரின் சோதனைகளால் உறுதியாயின. 1925இல் ஜேம்ஸ் காலிப் இந்தச் சுரப்பியின் ஹார்மோனை வீரியத்தோடு பிரித்தெடுத்தார்.

இரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினால் இந்த ஹார்மோன் மூன்று வேலைகளைச் செய்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரகம் கால்சியத்தைக் கழிக்காமல் பிடித்துவைக்கச் செய்கிறது. வைட்டமின் டி சத்தைச் செயல்வடிவுக்கு மாற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டி, அதன் மூலம் குடல் மிகுதியாகக் கால்சியத்தை ஈர்க்க வழிசெய்கிறது. அந்த மாற்றம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் காட்டினர். சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் எலும்பும் நலிவது ஏன் என்பது அப்போது தெளிவாயிற்று. கால்சியம் ஏறுவதையும் இறங்குவதையும் சுரப்பி எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு 1993இல் விடை கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருப்பதை எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் கண்டனர். அதே ஏற்பி சிறுநீரகத்திலும் இருக்கிறது.

ஒரு கப்பல் தலைவரின் உடல்

கல்லுக்கும் எலும்புக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் கண்ணெதிரே கண்டது ஒரு கப்பல் தலைவரின் உடலில். அமெரிக்க வணிகக் கப்பல்களில் பணியாற்றிய அவருக்கு 1918 முதல் எலும்புகள் வலிக்கவும் முறியவும் தொடங்கின. முதுகெலும்பு நொறுங்கியதால் ஆறடி உயர மனிதர் அரை அடிக்கு மேல் குள்ளமானார். இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருந்தது. சிறுநீரில் சுண்ணாம்பு மணல் இறங்கியது. 1926இல் நியூயார்க்கில் மருத்துவர் யூஜின் டுபோய்ஸ், பாராதைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று கணித்து அவரைப் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அதற்கு ஓராண்டுக்கு முன்தான், 1925இல், வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் வண்டி நடத்துநரின் கழுத்திலிருந்து பாராதைராய்டு கட்டியை அகற்றியிருந்தார். எலும்பு நோயைச் சமாளிக்கவே சுரப்பி வீங்குகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அதற்கிணங்க அவர் முதலில் வேறொருவரின் பாராதைராய்டு சுரப்பிகளை நோயாளியின் உடலில் பதித்தார். பயன் கிட்டவில்லை. பிறகு கட்டியை அகற்றியபோதுதான் நோயாளி தேறினார். சுரப்பியின் வீக்கமே நோய்க்குக் காரணம் என்பது அதனால் விளங்கியது.

கப்பல் தலைவருக்கோ ஆறு அறுவைகள் செய்தும் கட்டி அகப்படவில்லை. 1932இல் ஏழாவது அறுவையில், கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பி மார்புக் கூட்டுக்குள் ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கட்டி அகற்றப்பட்டது. ஆனால் சிறுநீரகங்கள் அதற்குள் கற்களால் பெரிதும் கெட்டுப்போயிருந்தன. சில வாரங்களில் ஒரு கல் சிறுநீர்க்குழாயில் சிக்கிக்கொள்ள, அதற்கான சிகிச்சையின் பின் அவர் இறந்தார். எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பே கல்லாகி அவர் உயிரைக் கொண்டுபோயிற்று.

அவரை நெருங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபுல்லர் ஆல்பிரைட். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு நலிவதை 1940களின் தொடக்கத்தில் எடுத்துரைத்தவரும் அவரே. 1953இல் அவரும் அவருடைய குழுவினரும் மற்றொன்றை விவரித்தனர். பாராதைராய்டு கட்டி இல்லாமலே, இரத்தக் கால்சியம் சரியாக இருந்தும், சிலர் சிறுநீரில் மட்டும் மிகுதியான கால்சியத்தைக் கழிக்கிறார்கள். கால்சியம் கல் வருபவர்களில் பெரும் பகுதியினரிடம் காணப்படும் கோளாறு இதுதான்.

கல் பிறக்கும் இடம்

சிறுநீரகக் கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கால்சியம் கலந்தவை. அவற்றிலும் பெரும்பான்மை கால்சியம் ஆக்ஸலேட். யூரிக் அமிலக் கல், கிருமித் தொற்றால் வரும் கல், பரம்பரையாக வரும் சிஸ்டின் கல் ஆகியவை மீதி. உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு படிவதைப் போல, சிறுநீர் குறுகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்ஸலேட்டும் ஒன்றுகூடிப் படிகமாகின்றன. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் போன்ற பொருள்கள் சிறுநீரிலும் இயல்பாக இருக்கின்றன. அவை கால்சியத்தைத் தம்மோடு கட்டிக்கொண்டு படிகமாவதைத் தடுக்கின்றன.

படிகம் நிலைகொள்ள ஓர் ஊன்றுமிடம் வேண்டும். 1930களில் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல், இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆயிரத்துக்கு மேல் திறந்து பார்த்தார். சிறுநீர் சொட்டும் காம்பு நுனிகளில் வெண்மையான திட்டுகள் பலரிடம் இருந்தன. சில திட்டுகளில் சிறு கற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. 2003இல் ஃபிரெட்ரிக் கோ, ஆண்ட்ரூ எவன், ஜேம்ஸ் லிங்கமன் ஆகியோரின் குழு இந்தத் திட்டுகள் நுண்குழல்களின் அடிச்சவ்வில் தொடங்குவதைக் காட்டியது. அவை ஆனது அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமத்தால். எலும்புக்கு உறுதி தருவதும் அபடைட் இனத்துக் கனிமமே. எலும்பில் தங்க வேண்டிய பொருள் சிறுநீரகத்தில் இடம் பிடிப்பதுதான் கல்லின் தொடக்கம்.

பாலை நிறுத்திய காலம்

கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். இன்றும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கல் வந்தவரின் இலையிலிருந்து முதலில் விலக்கப்படுவது பாலும் தயிருமே. ஆராய்ச்சி இதற்கு நேர்மாறான தீர்ப்பை வழங்கியிருக்கிறது.

1993இல் பாஸ்டனின் கேரி கர்ஹன் குழுவினர் 45,619 ஆண்களின் உணவுப் பழக்கத்தை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 505 பேருக்குக் கல் வந்தது. உணவில் கால்சியம் மிகுதியாக உண்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் நின்ற வேறுபாடு இது.

2002இல் இத்தாலியின் பார்மா நகரிலிருந்து லோரிஸ் போர்கி வெளியிட்ட ஆய்வு அதற்கு முத்திரை வைத்தது. சிறுநீரில் கால்சியம் மிகுந்து, திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை அறுபது அறுபதாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கால்சியத்தை நாளுக்கு 400 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். மற்றப் பிரிவுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியத்தை அப்படியே விட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் கால்சியம் குறைத்தவர்களில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியம் குறையாமல் உண்டவர்களில் 12 பேருக்கு மட்டும் வந்தது.

காரணம் குடலில் இருக்கிறது. பசலைக்கீரை, கொட்டைகள், சாக்லேட், தேநீர் போன்றவற்றில் ஆக்ஸலேட் உண்டு. உணவில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். கால்சியம் இல்லாவிட்டால் தடையின்றி உள்ளே நுழைந்த ஆக்ஸலேட் சிறுநீரில் வந்து சேரும். பாலை நிறுத்தியவர் கல்லின் ஒரு கூட்டாளியைத் துரத்தப்போய் மற்றக் கூட்டாளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். எலும்பும் இதில் இழப்புக்குள்ளாகிறது. சிறுநீரில் கால்சியம் மிகும் கோளாறு உடையவர்களுக்குக் குறைந்த கால்சிய உணவு கொடுத்து ஃபிரெட்ரிக் கோ 1982இல் அளந்தபோது, பலர் உண்டதைவிட அதிகமாகக் கழித்தார்கள். மிகுதிக்கு எலும்பைத் தவிர வேறு மூலம் இல்லை.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டேவிட் புஷின்ஸ்கி தலைமுறை தலைமுறையாக வளர்த்த எலிகளும் இதையே காட்டின. சிறுநீரில் மிகுதியாகக் கால்சியம் கழிக்கும் எலிகளையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். கடைசியில் வந்த எலிகளுக்குக் கல் விழுந்தது. அவற்றின் எலும்பும் மற்ற எலிகளின் எலும்பைவிட நலிந்திருந்தது. மனிதரிலும் கல் வந்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதும் முதுகெலும்பு முறிவு மிகுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

இந்தப் பாதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1920களில் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளைக் கொண்டு சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்தார். வட இந்தியச் சிறுவர்களை அந்நாளில் வாட்டிய நோய் அது. வைட்டமின் ஏ குறைந்த, தானியமே மிகுந்த உணவு எலிகளுக்குக் கல்லை உண்டாக்கியது. அந்த உணவோடு பால் சேர்ந்தபோது கல் தடுக்கப்பட்டது. சிறுநீர்ப்பைக் கல்லின் காரணங்கள் சிறுநீரகக் கல்லின் காரணங்களோடு முழுதும் ஒத்தவை அல்ல. ஆயினும் பால் கல்லுக்குப் பகை என்னும் சான்று முதலில் கிடைத்த இடங்களில் குன்னூரும் ஒன்று. அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

உப்பும் நீரும் எலுமிச்சையும்

சிறுநீரகத்தில் சோடியமும் கால்சியமும் ஒரே வண்டியில் பயணம் செய்கின்றன. சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகிறது. ஆறு கிராம் உப்பு கூடுதலாக உண்டால் சிறுநீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகக் கழிகிறது. நாள்தோறும் நேரும் இந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் சேரும்போது பெரிது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பையே பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பொட்டலத்தில் வரும் நொறுக்குத்தீனி ஆகியவை அந்த எல்லையை எளிதில் தாண்டவைக்கின்றன. மோர்சோற்றில் பிரச்சினை மோரிலிருந்து வருவதில்லை, தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலிருந்து வருகிறது. மிகுதியான இறைச்சியும் உடலில் அமிலத்தைக் கூட்டிச் சிறுநீரின் சிட்ரேட்டைக் குறைக்கிறது. அமிலத்தை ஈடுசெய்ய எலும்பும் தன் கார உப்புகளை விட்டுக்கொடுக்கிறது.

நீரின் பயனையும் போர்கியே சோதித்து நிறுவினார். முதல் முறை கல் வந்தவர்களில் ஒரு பிரிவினர் நாளுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும்படி நீர் அருந்தினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் நீர் அருந்தியவர்கள் 99 பேரில் 12 பேருக்கும், மற்றவர்கள் 100 பேரில் 27 பேருக்கும் கல் திரும்பியது. இங்கே அளவுகோல் குடித்த தண்ணீர் அன்று, கழிந்த சிறுநீர். சித்திரை வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவர் மூன்று லிட்டர் குடித்தும் பெரும்பகுதியை வியர்வையாக இழந்துவிடுவார். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது எவரும் செய்யக்கூடிய சோதனை.

சிட்ரேட் குறைந்தவர்களுக்கு டாலஸ் நகரின் சார்லஸ் பாக் உருவாக்கிய பொட்டாசியம் சிட்ரேட் சிகிச்சை 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலுமிச்சைச் சாறும் சிட்ரேட் தருகிறது, உப்புப் போடாமல் அருந்த வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். அப்போது எந்தக் கஷாயம் குடித்திருந்தாலும் அதற்கே புகழ் சேரும். யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்கலாம். கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

மாத்திரையும் உணவும்

உணவுக் கால்சியத்துக்குப் பொருந்துவது மாத்திரைக்கு அப்படியே பொருந்தாது. 36,282 பெண்களிடம் ஏழு ஆண்டுகள் நடந்து 2006இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில், நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி சத்தும் கொடுக்கப்பட்டன. இடுப்பெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு ஒரு பங்கு கூடியது. இடுப்பெலும்பு முறிவு ஐயமறக் குறையவில்லை. சிறுநீரகக் கல் நூற்றுக்கு 17 பங்கு கூடியது. வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைக்குக் குடலில் பிடிக்க ஆக்ஸலேட் இருப்பதில்லை. அது மொத்தமாக இரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும். மருத்துவர் மாத்திரை தந்தால் அதை உணவோடு சேர்த்து உண்பதே முறை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் வகுத்திருக்கிறது. நூறு மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும், நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும் உண்டு. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும்போது, கால்சியத்தைக் கட்டிவைக்கும் பைட்டேட் குறைகிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் நல்ல மூலங்கள். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தும் ஆக்ஸலேட் அதைச் சிறைப்பிடித்திருப்பதால் உடலுக்குக் கிட்டுவது நூற்றுக்கு ஐந்து பங்கே.

எலும்பின் பக்கம்

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் ஆகாது. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகைச் செல்கள் புதிதாகப் பூசுகின்றன. ஆண்டுதோறும் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதையொட்டிச் சேமிப்பு உச்சத்தை அடைகிறது. அதன்பின் மெல்லத் தேய்கிறது. மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் தேய்வு விரைகிறது.

சுமை இல்லாத எலும்பு கரையும். விண்வெளியில் எடையற்று மிதப்பவர்கள் இடுப்பு, முதுகு எலும்புகளில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இழக்கிறார்கள். கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குவதால் அவர்களுக்குக் கல் வரும் அபாயமும் கூடுகிறது. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் இதே கதிதான். நடப்பதும் மாடி ஏறுவதும் சுமை தூக்குவதும் எலும்புக்கு உரம். வெயில் நிறைந்த நாட்டிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களிடம் வைட்டமின் டி குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது.

சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் தையசைடு மருந்துகள் நெடுங்காலமாகக் கல்லுக்குத் தரப்பட்டன. 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் 416 நோயாளிகளிடம் அந்த வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதையசைடு, வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பயன் தரவில்லை. மருந்தைவிட உணவும் நீரும் உறுதியான காப்பு என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்த்தது.

கல் வந்தவர் குறைக்க வேண்டியவை உப்பு, மிகுதியான இறைச்சி, ஆக்ஸலேட் மலிந்த பண்டங்கள். கூட்ட வேண்டியவை நீர், பழம், காய்கறி. உணவின் வழி வரும் கால்சியம் குறையாமல் இருக்க வேண்டும். பாராதைராய்டு கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் தனியே அளவு வகுப்பார். கல் திரும்பத் திரும்ப வருபவருக்கு இரத்தக் கால்சியமும், 24 மணி நேரச் சிறுநீரும், எலும்பு அடர்த்தியும் சோதிக்கப்பட வேண்டும். கல் விழுந்தவரிடம் எலும்பைப் பற்றியும், எலும்பு முறிந்தவரிடம் கல்லைப் பற்றியும் கேட்பது மருத்துவத்தின் கடமை.